ருமானிக்கு மூட்டம்

— சேலையா? மாமரத்துக்கு சேலை கட்ட சொல்றியா? இன்னா முத்து, வேலைக்குப் போய் போய் மண்ட கலங்கிடுச்சா உனக்கு?

— கட்டச் சொல்லல யக்கா, பூ மேல போத்தச் சொல்லுதேன். பழைய நைலக்ஸ் சேலை ரெண்டு இருந்தாப் போதும்.

— நல்லா கீது. அன்னபுஷ்பம் வூட்டு மரம் சேலை கட்டிகினு நிக்குதுன்னு தெரிஞ்சா, சேரப்பணஞ்சேரி பூரா வந்து மஞ்சா குங்குமம் வெச்சு கும்புட்டு போவும். சர்ச்சுல பாஸ்டர் என் பேர சொல்லி ஜெபம் பண்ணுவாரு.

— கும்பிடட்டுமே. சாமி மரம்னு பயந்தாச்சும் ஒங்க வீட்டு அண்ணாச்சி வெட்டாம விடுவாவ.

— தோ பாரு, வெட்டற பேச்ச என் எதிர்ல எடுக்காத.

— நானா எடுத்தேன்? கிறிஸ்மஸ் கேக்க கையில வச்சிக்கிட்டு அண்ணாச்சிதான் எல்லாரு முன்னாலயும் சொன்னாவ. ஈஸ்டருக்குள்ள பிஞ்சு பிடிச்சா மரம் இருக்கும், இல்லன்னா அந்த எடத்துல ரெண்டு ரூம்புன்னு.

— சொல்லுவாரு. அவருக்கு இன்னா. இந்த காம்பவுண்டுல வாடகை குடுக்காம குடியிருக்கறது அது ஒண்ணுதான்னு எகத்தாளம் வேற. இப்ப வந்து பாக்கட்டுமே. ஆறு வருசமா சொம்மா நின்ன ருமானி மாமரம், இந்த மாசி பொறந்ததும் எல தெரியாம பூத்துகினு கீது. கிட்ட போனா தேனீ மூஞ்சில மோதுது.

— நல்லாத்தான் இருக்கு. இன்னைக்கே கண்ணு குளிரப் பாத்துக்கிடுங்க. திங்கக்கிழம வந்து பாத்தா கருகிக் கெடக்கும்.

— அய்யே, உன் வாய்ல நல்லதே வராதா?

— என் வாயில இல்ல யக்கா, போன்ல போட்டிருக்கான். இன்னைக்கு ராத்திரியிலருந்து கடும் பனியாம். முடியப்போற பனிதான், ஆனா போற போக்குல ஒரு அடி அடிச்சிட்டுத்தான் போவுமாம்.

— போன்ல போட்டானா! கார்த்தி மாசம் புயலு வருது புயலு வருதுன்னு இந்த போனுதான் சொல்லிச்சு. உன் பேச்ச கேட்டு குடம் குடமா தண்ணி புடிச்சேன், மெழுகுவத்தி வாங்கினேன், பிரெட்டு வாங்கினேன். கொடியில போட்ட துணி கூட ஆடல. பிரெட்டு பூசணம் புடிச்சு கோழிக்கு போட்டேன். கோழியே மொறச்சு பாத்துச்சு என்ன.

— புயலு வழி மாறிப் போயிட்டு. பனிக்கு வழியெல்லாம் கெடையாது, நேரா மேலருந்து எறங்கும்.

— எறங்கட்டும். பூவு நனையும், அப்புறம் காயும். குளிச்சா நீ கருகியா போற?

— நனைஞ்சா ஒண்ணுமில்ல யக்கா. பூக்கொத்துக்குள்ள பனி தங்கி, வெயிலு ஏற நேரமாச்சுன்னா வெள்ளையா சாம்பல் பூத்த மாதிரி வரும். பொறவு கருகிக் கொட்டும். பிஞ்சுன்னு ஒண்ணு நிக்காது.

— பேசுது பாரு, விவசாய காலேஜுல படிச்ச மாதிரி! ஒயர் கம்பெனியில செவப்பு ஒயர செவப்பு ஓட்டையில சொருகறவ நீ.

— மாத்திச் சொருகுனா காரு ஓடாது, தெரியுமா?

— ஓடாட்டி நல்லதுதான். வாலாஜாபாத் ரோட்ட தாண்டறதுக்கு எனக்கு கொஞ்சம் எடம் கெடைக்கும்.

— சரி, எங்கிட்டப் பேசி என்ன செய்ய. சேலை வேண்டாம்னா அடியில மூட்டமாவது போடுங்க. தென்னமட்ட, சருகு எல்லாத்தையும் லேசா நனைச்சு, எரியாம பொகைய மட்டும் விடணும். விடியுததுக்கு முன்ன ஓஸ் பைப்ப வச்சு பனியக் கழுவி விட்டுரணும். காலையில நான் எந்திரிச்சு அடிச்சு விடுதேன்.

— மூட்டம் போட்டா மாடியில கீற நாலு பொண்ணுங்களும் ராவெல்லாம் இருமுவீங்க. காலையில என் வூட்டு வாசல்ல நின்னு மூக்க சீந்துவீங்க.

— நாங்க இருமிக்கிடுதோம். ஒங்களுக்கென்ன?

— இரு இரு. ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. உன் தங்கச்சி சுகப்பிரியா பரிட்ச முடிச்சிட்டு இங்க வேலைக்கு வருதுன்ன. ரூம்பு ரூம்புன்னு என் காத அறுத்த. மரம் போனாதான ரூம்பு வரும்? அப்ப பூவு கருகினா உனக்குதான லாபம்? நீ எதுக்கு சேலைய போத்து, பொகைய போடுன்னு குதிக்கற?

— அதத்தான் பஸ்ஸுல வாரப்ப நானும் என்னையக் கேட்டேன்.

— இன்னா பதிலு வந்துச்சு?

— ஒரு சவமும் வரல. பாயில கொஞ்சம் நெருக்கிப் படுத்தா அவளும் படுத்துக்கிடுவா. காலையில பல்லு வெளக்கையில அந்தப் பூ வாசன வருது யக்கா. அதுக்குப் பொறவு எட்டு மணி நேரம் சூடு ஏறுன பிளாஸ்டிக்கு வாசனதான். அது ஒண்ணுதான் எனக்கு இந்த ஊருல பிடிச்சிருக்கு. நீங்க வேற என்னமும் நெனச்சிக்கிட்டா நெனச்சிக்கிடுங்க.

— ம்க்கும். ஐஸ் வெக்கறா.

— ஒங்களுக்கு நான் எதுக்கு ஐஸ் வைக்கணும், பனிதான் வருதே.

— வாயி! உங்க ஊர்ல எல்லாருக்கும் இப்படிதான் வாயா, இல்ல உனக்கு மட்டுமா? தோ, உன் போனு கத்துது பாரு.

— கத்தட்டும். எங்கூட வேல பாக்குத சந்தனமாரிதான். நான் வந்து செருப்பக் கழத்துததுக்குள்ள ஆரம்பிச்சிட்டா.

— எடுத்துதான் பேசேன். பாவம்.

— என்ன பாவம்? ஞாயித்துக்கிழம ஓ.டி.க்கு ஆள் பத்தலன்னு சூப்பர்வைசர் அவள ஏவி விட்டிருப்பான். எடுத்தா ஞாயித்துக்கிழம போச்சு. எடுக்கலன்னா தூங்கிட்டான்னு நெனப்பா. கம்பெனி குரூப்பையே சத்தம் இல்லாம அமுக்கி வச்சிருக்கேன். தெனமும் ரோசாப்பூ படமும் குட்மார்னிங்கும்தான், வேறென்ன இருக்கு அதுல.

— கம்பெனின்னதும் ஞாபகம் வருது. உன் போன் ஜோசியத்த கேட்டதுல சொல்ல வந்தத மறந்தே போயிட்டேன். உங்க அண்ணாச்சி கம்பெனி கேட்டு டூட்டிலேர்ந்து பேசினாரு. நீ பஸ் ஏறினப்புறம் உங்க கம்பெனியில நோட்டீஸ் ஒட்டிகீறாங்களாம்.

— என்ன நோட்டீஸாம்?

— திங்கக்கிழமலேர்ந்து பனிநீக்கமாம்.

— என்னது?

— பனிநீக்கம். பனி நீங்குது. இப்ப சொல்லு. உன் போன்ல வந்தது பெருசா, கம்பெனிக்காரன் எழுதி ஒட்டினது பெருசா?

— ஆமா, கம்பெனிக்காரன் பனிய நீக்குதானாக்கும்! கேண்டீன் சாம்பாருல கெடக்க பூச்சிய நீக்க வக்கில்ல, வானத்துலருந்து எறங்குதத நீக்குதானுவளாம்! அதுக்கும் ஒரு மேனேஜரப் போட்டிருப்பானுவ.

— கிண்டல் பண்ணாத. பஸ்ஸுக்குடி அது. பொங்கலுக்கு முன்னாடி மூடுபனியில ரோடே தெரியலன்னு பஸ்ஸ அர மணி முன்னாடி எடுத்தாங்களே, பனிக்கால நேரம்னு நோட்டீஸ் போட்டு. அத இப்ப நீக்கறாங்க. எனக்கே புரியுது, உனக்கு புரியல.

— ஓ, அப்படிச் சொல்லுங்க! அப்ப திங்கக்கிழமையிலருந்து அர மணி கூடத் தூங்கலாம்.

— தூங்கு, நல்லா தூங்கு. பனி போயிடும்னு தெரியாமலா பழைய டைமுக்கு மாத்துவான்? கம்பூட்டர் கீது, ஆபீசர் கீறான். நாலும் பாத்துதான் செய்வான். நீயும் உன் போனும்.

— அதுவும் சரிதான். நம்மள மாதிரியா அவனுவ.

— இதுல கூத்த கேளு. அந்த பொண்ணுகிட்ட பக்குவமா சொல்லு அன்னம், பக்குவமா சொல்லுன்றாரு. பனி போறத சொல்றதுக்கு இன்னாடி பக்குவம்? மாங்கா ஊறுகாயா போடறோம்?

— அண்ணாச்சிக்கு செக்யூரிட்டி வேல பாத்துப் பாத்து அப்படி ஆயிட்டு. கேட்டுல நின்னு சல்யூட் அடிச்சவரு, பஸ் நேரத்தக் கூட எழவு சேதி மாதிரித்தான் சொல்லுவாவ.

— போன்ல பின்னால ஒரே எரைச்சல் வேற. கேட்டாண்ட எதுக்குடி அவ்ளோ கும்பல்?

— கை ரேக மிசினு நின்னு போயிருக்கும். அது நின்னா ஆம்பள பொம்பள எல்லாம் கேட்டுலதான் கெடக்கணும். வாரத்துல பாதி நாளு அந்தக் கூத்துதான்.

— அதில்ல முத்து. மரத்த பத்தி வந்து பேசிக்கலாம்னு கடைசியா ஒண்ணு சொன்னாரு. படப்பையில மரம் வெட்றவன் ஒருத்தன்கிட்ட பேசி வெச்சிகீறாரு. எனக்கு தெரியாதுன்னு நெனச்சிகினு கீறாரு.

— ஈஸ்டருக்குத்தான் இன்னும் நாளு கெடக்கே!

— சிமெண்ட்டு வெல ஏறுதாம், செங்கல்லு வெல ஏறுதாம். வெளியூர் பசங்க எடம் கேட்டு வாசல்ல நிக்கறாங்களாம். பூத்தா இன்னா, ரூம்பு காய்க்குமான்றாரு. இந்த வூட்ல எல்லாத்தையும் வாடகைக்கு வுட்டாச்சு முத்து. நான் நின்னு காத்து வாங்கின மாடி போச்சு. என் ஜன்னல்ல பாதி உங்க மாடிப்படிக்கு போச்சு. துணி காயவெக்க கூட உங்கள கேட்டுகினுதான் வரணும். இந்த ஒரு மரம் மட்டும் என்னுது. நான் வெச்சேன், நான் தண்ணி ஊத்தினேன். அது ஒரே ஒரு காய் குடுத்துட்டா போதும், அவரு வாய அடச்சிருவேன்.

— அப்ப எதுக்கு இன்னும் நின்னு பேசிக்கிட்டு இருக்கிய? தீப்பெட்டி எங்க இருக்கு?

— அதான் பனி இல்லன்ட்டானே கம்பெனிக்காரன்!

— அவன் சொன்னது திங்கக்கிழமையிலருந்து. இன்னைக்கும் நாளைக்கும் யாரு பாப்பா?

— தீப்பெட்டி கோழிக்கூண்டு மேல கீது. தென்னமட்ட பின்னால கீது. பனி மட்டும் வரலன்னு வெச்சுக்கோ, உன் போன புடுங்கி கெணத்துல போடுவேன்.

— போடுங்க. சந்தனமாரி அங்ஙன கூப்பிட்டுக்கிடட்டும். யக்கா, இவ்வளவு தண்ணியா ஊத்துவிய? மட்டய நனைக்கச் சொன்னா குளிப்பாட்டுதிய!

— எனக்கு இன்னா தெரியும், உங்க ஊர் வேல! ஏய், கிட்ட வெக்காத, கீழ் கொப்பு சுட்டுடும். இப்பிடி தள்ளு. இன்னும் தள்ளு.

— பத்திக்கிட்டு. பாருங்க, எப்படி ஏறுதுன்னு. பூவுக்குள்ள நொழஞ்சு போவுது.

— அய்யய்யே, கண்ணு! இந்த பொகையில பனி சாவுதோ இல்லியோ, நான் செத்துருவேன்.

— சாவாதிய, காய் யாரு திங்க? மொத மாங்கா எனக்கு, சொல்லிட்டேன். மொளகாப்பொடியோட.

— போடீ. மொத காய் சர்ச்சுக்கு. ரெண்டாவது பாக்கலாம். தோ, கேட்டு தொறக்கற சத்தம். வந்துட்டாரு. நீ பேசாத, நான் பேசிக்கறேன்.

— இன்னா பொக இது?

— என் மரத்துக்குதாங்க. பனிக்கு மூட்டம். இப்பவே சொல்லிட்டேன், ஈஸ்டர் வரைக்கும் ஒரு கொப்ப தொட வுடமாட்டேன். எவனாவது கத்திய எடுத்துகினு வந்தான்...

— அன்னம், கொஞ்சம் நிறுத்து. முத்துகிட்ட சொன்னியா?

— சொல்லிட்டேன் சொல்லிட்டேன். பக்குவமா.

— அண்ணாச்சி, பனிய நீக்கிட்டானுவளாமே! பெரிய ஆளுவதான். அடுத்து வெயிலயும் நீக்கச் சொல்லுங்க, சித்திரைக்கு ஒதவும்.

— இது சிரிக்குது?

— பின்ன என்ன அண்ணாச்சி, அழவா செய்வாவ? அர மணி கூடத் தூங்கலாம்ல.

— அன்னம், நீ இன்னா சொன்ன இதுகிட்ட?

— நீங்க சொன்னததான் சொன்னேன். திங்கக்கிழமலேர்ந்து பனிநீக்கம்னு. பஸ் டைமு மாறுதுன்னு.

— பஸ் டைமா? அட கடவுளே. முத்து, சந்தனமாரி உனக்கு போன் பண்ணலியாம்மா? கேட்டாண்ட தரையில ஒக்காந்து அழுதுகினு கீது அது. நான் எழுப்பி எழுப்பி பாத்தேன், வரமாட்டேங்குது.

— அவ எதுக்கு அழுதா? அண்ணாச்சி, அந்த நோட்டீஸ நீங்க படிச்சியளா? அதுல பனிக்கு எந்த 'ன' போட்டிருக்கு? ரெண்டு சுழியா, மூணு சுழியா?

— மூணு சுழிம்மா.

— யாரு யாருக்கு?

— காண்ட்ராக்ட் ஆளுங்க மொத்தம். லைன் பூராவும். உங்க ரூம்பு பொண்ணுங்க நாலு பேரும்தான். திங்கக்கிழம பஸ்ஸே வராது.

— இன்னா சுழி? இன்னா பேசிக்கறீங்க ரெண்டு பேரும்? எனக்கு புரியற மாதிரி சொல்லுங்க.

— வேலைய வுட்டு எடுத்துட்டாங்க அன்னம். நான் சொன்னது பணி. அந்த பணிய நீ பனின்னு வாங்கிகினு...

— ஐயோ ஆண்டவரே! நம்ம வாயில ரெண்டும் ஒண்ணாதானங்க வருது! முத்து, நான் வேணும்னு... முத்து, இங்க பாரு, என்ன பாரு...

— அந்த மரம் வெட்றவனுக்கும் வேணாம்னு போன் பண்ணிட்டேன். இனிமே ரூம்பு கட்டி யார குடி வெக்கறது?

— ஒங்க மரம் பொழச்சிட்டு, யக்கா.