மஞ்சப்பை கேட்ட பிள்ளை

அன்னிக்கு அவன் மஞ்சப்பையக் கேக்கல டீச்சர். அதச் சொல்லத்தான் நீங்க எப்ப வருவியன்னு பாத்துக்கிட்டுக் கெடந்தேன். உக்காருங்க. மெட்ராஸ்ல இருந்து வாரிய, மொகமெல்லாம் கறுத்துப் போச்சு. மொதல்ல மோர் குடிங்க. இருங்க, அவனப் பத்தித்தான் சொல்லுதேன்.

ஆடி மாசம் வந்தியள்லா, பேச்சு வராத பிள்ளைங்க என்னத்த எப்படிச் சொல்லுதுன்னு ஆராய்ச்சி பண்ணுதோம்னு. பாளையங்கோட்டையில இத்தன வீடு இருக்க, எங்க லிங்கத்தத் தேடி வந்தியளேன்னு எனக்கு ஒரே பெருமை. பதினோரு வயசாகியும் கழுத்து நிக்காது, எச்சி முழுங்கத் தெரியாது. அவன் கண்ண உருட்டுனா ஏன்னு கேட்டு, விரல அசைச்சா ஏன்னு கேட்டு, நாள் பூரா டேப்புல பிடிச்சிய. என் நாத்தனா சங்கரி இந்தப் படியேறி வந்தாலே, இதுக்கு என்ன தெரியும்னு கேப்பா. அவன்னு சொல்லமாட்டா, இதுன்னுதான் சொல்லுவா. நீங்க தம்பின்னு கூப்பிட்டிய. அதனால உங்க மேல எனக்கு வருத்தம் இல்ல, பாத்துக்கிடுங்க.

நான் அடுப்படியில காப்பி போட்டுக்கிட்டு நின்னேன். நீங்க டேப்ப மூடி வச்சிட்டு, கெளம்புமுன்ன அவன நிமித்தி உக்கார வைக்கப் பாத்திருக்கிய. நான் டம்ளரோட வந்தா, ஆணியில கெடந்த மஞ்சப்பைய அவன் மூஞ்சிக்கு நேரா ஆட்டிக்கிட்டு இருக்கிய. பை, பைங்கான், எடுத்துக் காமிச்சா மூஞ்சியத் திருப்புதான், சும்மா சத்தம்தான் போலன்னு சொன்னிய. எனக்கும் அப்ப வெளங்கல. மறுநாள் அவனக் குளிப்பாட்டத் தூக்கையில, அந்தச் சொல்லு என் வாயில வந்த பொறவுதான் பொறி தட்டுச்சு.

பை இல்ல டீச்சர். பைய. உங்க ஊர்ல மெதுவா, எங்க ஊர்ல பைய. அவனுக்கு இடுப்பெலும்பு நழுவிக் கெடந்துச்சுல்லா, தூக்குனா உசுரு போற வலி. நானும் எங்க வீட்டுக்காரரும் பைய, பைய, அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் தூக்குவோம். நாங்க சொல்லிருவோம், பொறவு அவன் எதுக்குச் சொல்லணும்? நீங்க சொல்லாமத் தூக்குனிய. அதான் அவனே சொல்லிட்டான்.

அதுக்குப் பொறவு இவரு கேட்டாரு, நாமளும் ஒரு நாளு வாயப் பொத்திக்கிட்டுத் தூக்கிப் பாப்போமா, நம்மகிட்டயும் சொல்லுவான்லான்னு. ஆசையாத்தான் இருந்துச்சு. வலிக்கிற பிள்ளைய வச்சு என்ன வெளையாட்டுன்னு எனக்கு மனசு வரல.

கட்டில எதுக்குப் பாத்துக்கிட்டே இருக்கிய? அங்கன கெடக்கது மடிக்காத துணி. கார்த்திகையில காய்ச்சல் வந்து போயிட்டான் டீச்சர். ஆத்தங்கரையில வச்சிட்டு வந்தாச்சு. அழாதிய. நீங்க என்ன செய்விய.

அவன் வாயத் தொறந்து சொன்னது அந்த ஒரு சொல்லுதான். பெத்தவ நான் அதக் கேக்கல, நீங்க கேட்டிருக்கிய. அதுதான் எனக்குத் தாங்கல. கூச்சப்படாம, அவன் எப்படிச் சொன்னானோ அப்படியே, ஒரே ஒரு தடவ எனக்குச் சொல்லிக் காட்டுங்க.