யஸ்குல்கா கழகத்தின் அறுபது ஆண்டுப் பெருமையும் ஒரு விரல் நுனியும்

அவைத் தலைமையை ஏற்று, அந்த நாற்காலியைப் பதினேழு ஆண்டுகளாக வேறு எவருக்கும் விட்டுக்கொடுக்காமல் காத்துவரும் கழகத் தலைவர், பெருமதிப்புக்குரிய திரு. மவ்ரிட்ஸி காய்தா அவர்களே. நகராட்சியின் சார்பில் வருகை தந்து, நான் வாய் திறப்பதற்கு முன்பே கண்களை மூடி என் கருத்துகளைச் சிந்திக்கத் தொடங்கிவிட்ட துணை மேயர் அவர்களே. அறுபது ஆண்டுகளாக எங்கள் முழங்கால் உறைகளைத் துவைத்துத் துவைத்துக் கைரேகை தேய்ந்த தாய்மார்களே. ஊதலோடும் முரசோடும் வந்து நடுவர்களின் பரம்பரையையே விசாரித்துவிட்டுப் போகும் ரசிகப் பெருமக்களே. வலைக்கு அப்பால் உடம்பைச் சூடேற்றிக்கொண்டு, இந்தப் பேச்சு எப்போது முடியும் என்று காத்திருக்கும் இன்றைய வீராங்கனைகளே! உங்கள் அனைவர்க்கும் யஸ்குல்கா கைப்பந்துக் கழகத்தின் முன்னாள் கேப்டன் ஃபெலிச்யா மோர்காவின் வணக்கம்.

எனக்கு ஏழு நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். தலைவருக்கும் ஏழு நிமிடம்தான் ஒதுக்கினார்கள். அவர் நாற்பது நிமிடத்தில் அதை முடித்துக்காட்டினார். அந்த முன்மாதிரியை நான் மதிக்கிறேன்.

தகைவிலான் குருவியின் பெயரைத் தாங்கிய இந்த யஸ்குல்கா எப்படிப் பிறந்தது? தலைவர் சொன்னார்: தொலைநோக்குள்ள ஆண்கள் சிலர் கூடிச் சிந்தித்ததால் பிறந்ததாம். உண்மைதான். ஆண்கள் கூடினார்கள், சிந்தித்தார்கள், கால்பந்துக் கழகம் ஒன்றைத் தொடங்கினார்கள். கண்ணாடித் தொழிற்சாலையின் பொதிகட்டும் பிரிவில் ஊறுகாய் ஜாடிகளுக்கு வைக்கோல் சுற்றிக்கொண்டிருந்த பதினோரு பெண்கள், "எங்களுக்கு என்ன?" என்று கேட்டார்கள். "கைதட்டுங்கள்" என்றார்கள் ஆண்கள். அந்தப் பெண்கள் தட்டினார்கள். கையை அல்ல, பந்தை. 1964ஆம் ஆண்டில், சரக்குக் கிடங்கின் பின்முற்றத்தில், இரண்டு கம்பங்களுக்கு நடுவே மீன்வலை ஒன்றைக் கட்டி. அந்தக் கால்பந்துக் கழகம் இன்று எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள். அதன் தலைவரின் பேரன் இந்த மேடையில் இருக்கிறார், அவர் மனம் புண்படும்.

சாதனைகள்? அடுக்கிச் சொல்கிறேன், கேளுங்கள். எழுபத்தெட்டில் நான்காம் இடம். எண்பத்து மூன்றிலும் நான்காம் இடம். எண்பத்து ஒன்பதில் நான்காம் இடத்தைத் தவறவிட்டோம், ஆறாம் இடம். தொண்ணூற்று நான்கில் கோப்பையே கிடைத்தது, ஒழுக்கமான பார்வையாளர்களுக்கான கோப்பை. அந்த ஆண்டு ரசிகர் பேருந்து பழுதாகி ஊரிலேயே நின்றுவிட்டது, ஒருவரும் ஆட்டத்துக்கு வரவில்லை. என்ன? பின்னால் இருப்பவர் சொல்வது கேட்கவில்லை. ஆம் ஐயா, உங்கள் அப்பா ஓட்டிய பேருந்துதான். கோப்பையில் அவருக்கும் பங்குண்டு.

சரி. சிரித்தது போதும் என்று சொல்ல மாட்டேன், சிரித்துக்கொண்டே கேளுங்கள். 2003ஆம் ஆண்டு மே மாத ஆட்டத்துக்கு வருகிறேன். நம் ஊர் ஓல்ஷினெக்கில் அதை அறியாதவர் யார்? அதைப் பற்றிப் பொய் சொல்லாதவர் யார்? அன்று இந்த அரங்கத்தில் எண்ணூறு இருக்கைகள்தான். ஆனால், "நான் நேரில் பார்த்தேன்" என்று என்னிடம் சொன்னவர்கள் இதுவரை மூவாயிரத்துக்குக் குறையாது.

கடற்கரை நகரத்து மெவா அணி எதிரே. வென்றவர் முதல் லீக்கில் நீடிப்பார், தோற்றவர் கீழே இறங்குவார். ஐந்தாவது செட். இரண்டு புள்ளி வித்தியாசத்தோடு பதினைந்தைத் தொட்டால் வெற்றி. எங்களுக்குப் பதினான்கு, அவர்களுக்குப் பதின்மூன்று. நான் கேப்டன். என் பக்கத்தில், வலையோரம், அடிப்பவர்களுக்குப் பந்தை உயர்த்திக் கொடுக்கும் எங்கள் செட்டர் தெக்லா வ்ரோனா. ஒல்லி, உயரம், கலகலவென்று பேசத் தெரியாது. பந்தை மட்டும் பேசவைக்கத் தெரியும்.

மெவா பெண்ணொருத்தி எகிறி அடித்தாள். தெக்லா தடுக்கத் தாவினாள். பந்து எங்கள் தலைக்கு மேல் பறந்து, கோட்டைத் தாண்டி, சுவரில் மோதியது. கோட்டு நடுவர் கொடியை உயர்த்தினார். வெளியே! பதினைந்துக்குப் பதின்மூன்று. வென்றுவிட்டோம். முரசு முழங்கியது, மக்கள் குதித்தார்கள், அன்று கழகச் செயலாளராக இருந்த நம் தலைவர் காய்தா தன்னை மறந்து ஒரு சமையற்கார அம்மாளைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டார். வெட்கப்படாதீர்கள் தலைவரே, அந்த அம்மாள் மறந்துவிட்டார்.

எல்லோரும் குதித்துக்கொண்டிருந்தபோது தெக்லா மட்டும் குதிக்கவில்லை. என்னருகில் வந்தாள். வலது மோதிர விரலை இடது கையால் பிடித்திருந்தாள்.

"ஃபெலா, பந்து என் விரல்ல பட்டுச்சு."

"என்னடி சொல்றே?"

"நுனியில பட்டுத்தான் வெளிய போச்சு. பாரு, வீங்குது. புள்ளி அவங்களுக்கு. போய்ச் சொல்லு."

நம் ஆட்டத்தில் நடுவரிடம் பேசும் உரிமை கேப்டனுக்கு மட்டும்தான். கேப்டன் யார்? அடியேன்.

"வாயை மூடிட்டுக் குதி" என்றேன். இதுதான் நான் சொன்னது. ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"நீ சொல்லலைன்னா நான் சொல்றேன்."

"உனக்குப் பைத்தியமா? ரெண்டாவது லீக்குக்குப் போனா நம்ம கதை முடிஞ்சுது. நடுவரே பார்க்கல, உனக்கென்ன வந்துது?"

"அவர் பார்க்கல. எனக்குத் தெரியுமே."

நடந்துவிட்டாள். நடுவரின் ஏணியை நோக்கி, இருபது அடி தூரம். நான் பின்னால் ஓடினேன்.

இந்த இடத்தில்தான் நம் ஊரின் புகழ்பெற்ற புகைப்படம் எடுக்கப்பட்டது. முன்கூடத்தில் மாட்டியிருக்கிறதே, அதுதான். கேப்டன் ஃபெலிச்யா, தோழியின் முதுகில் ஆதரவாகக் கை வைத்து, உண்மையை நோக்கி அவளை அழைத்துச் செல்லும் அரிய காட்சி. செய்தித்தாள் போட்டது, பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள், பாதிரியார் அதை வைத்து ஒரு ஞாயிறு முழுக்கப் பிரசங்கம் செய்தார். அன்பர்களே, அந்தப் படத்தை வீட்டுக்குப் போகும்போது ஒரு தரம் கிட்டே நின்று பாருங்கள். என் விரல்கள் மடங்கியிருக்கும். அவள் சட்டை இறுகியிருக்கும். அது அணைத்த கையா? அழைத்த கையா? இல்லை. அவளை நடுவரிடம் போகவிடாமல் சட்டையைப் பிடித்து இழுத்த கை.

அடடா, துணை மேயர்கூட விழித்துவிட்டார். நல்லது.

தெக்லா நடுவரிடம் விரலைக் காட்டினாள். விதிகளில் கரைகண்ட அந்த மனிதர் அவளைப் பார்க்கவில்லை, ஏணியிலிருந்து குனிந்து என்னைப் பார்த்தார். "கேப்டன், பந்து பட்டதா?" என்று கேட்டார். நான் என்ன சொன்னேன்? ஆம் என்றேனா? இல்லை. இல்லை என்றேனா? அதற்கும் துணிவில்லை. வாயைத் திறந்தேன், மூடினேன். என் மௌனத்தை அந்த நல்ல மனிதர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். பதினான்குக்குப் பதினான்கு. ஆட்டக் குறிப்பேட்டில் எழுதினார்: "கேப்டனின் ஒப்புதலோடு."

அடுத்த புள்ளி எங்களுக்கே கிடைத்தது. மீண்டும் ஒரே ஒரு புள்ளி போதும். சர்வீஸ் போட வேண்டியவள் தெக்லா. விரல் கத்தரிக்காய் போல வீங்கியிருந்தது, அதே கையால் அடித்தாள். பந்து வலையில் விழுந்தது. அதன்பின் இரண்டு புள்ளிகள், மெவாவுக்கு. தோற்றோம், இறங்கினோம்.

ஊர் எதை நினைவில் வைத்தது தெரியுமா? வலையில் விழுந்த பந்தை. ரொட்டிக் கடையில் வரிசையில் நின்றவளிடம், "ஏம்மா தெக்லா, ரொட்டியைக் கூடைக்கு மேலால போடு, கீழ விழுந்துடப் போவுது" என்றார்கள். சொன்னவர்கள் இன்று இங்கே இருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன், கழுத்து சிவந்திருப்பதைப் பார்த்தாலே தெரிகிறது.

எனக்கோ தலைநகரத்திலிருந்து கடிதம் வந்தது. நேர்மைக்கான விருது. குறிப்பேட்டில் கேப்டனின் ஒப்புதல் என்று இருக்கிறதே, வேறு யாருக்குக் கொடுப்பார்கள்? புதிய உடை தைத்துக்கொண்டு போனேன். கைகுலுக்கினார்கள், குலுக்கினேன். அழுதார்கள், அழுதேன். என் அழுகை மட்டும் உண்மையானது, அவர்கள் நினைத்த காரணம்தான் வேறு. அதன்பிறகு இருநூற்றுப் பன்னிரண்டு பள்ளிகளில் நேர்மை என்னும் தலைப்பில் சொற்பொழிவு ஆற்றியிருக்கிறேன் அன்பர்களே. தொண்டை வறண்டால் தண்ணீர் கொடுப்பார்கள். மனம் வறண்டால் யாரும் எதுவும் கொடுப்பதில்லை.

கழகத்துக்கு என்ன ஆயிற்று? இறங்கிய மறுவாரமே நிர்வாகக் குழுவில் ஒரு கொள்ளைநோய் பரவியது. ஒன்பது உறுப்பினர்கள் உடல்நலக் காரணத்தால் ஒரே நாளில் விலகினார்கள். செயலாளர் காய்தாவுக்கு இடுப்புவலி. தொழிற்சாலை தன் பெயரைச் சட்டையிலிருந்து எடுத்துக்கொண்டது. இந்த அரங்கத்தைக் கம்பளக் கண்காட்சிக்கு விட்டார்கள். நான் நகரத்துக்குப் போனேன், நேர்மையைப் பரப்ப.

போகாதவள் ஒருத்தி. தெக்லா. ஏழு பெண்களைச் சேர்த்துக்கொண்டு தொடக்கப் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போனாள். ஆறு வயதுப் பிள்ளைகள் தாவுவதற்குக் கட்டிய கூடம். கூரை அத்தனை தாழ்வு. பந்தை உயர்த்தினால் விளக்கில் இடிக்கும். ஆகவே உயர்த்தாமல் ஆடப் பழகினார்கள். தாழ்வாக, விரைவாக, கண் இமைக்கும் முன்னே. "மேல பார்க்காதீங்கடி, மேல ஒண்ணுமில்ல, விளக்குத்தான்" என்பாளாம். நான்கு ஆண்டுகள் அந்தக் கூரைக்குக் கீழே.

2007இல் அவர்கள் முதல் லீக்குக்குத் திரும்பியபோது எதிரணிகள் திகைத்தன. தடுப்பவர்கள் தாவுவதற்குள் பந்து தரையில். 2011இல் நாட்டின் கோப்பை. உண்மையான கோப்பை, பார்வையாளர்களுக்கானது அல்ல. அணி மேலே ஏறியதும், என்ன விந்தை, ஒன்பது பேருக்கும் உடம்பு தேறிவிட்டது. திரு. காய்தாவின் இடுப்பு குணமாகித் தலைவர் நாற்காலியில் உட்காரும் அளவுக்கு வளைந்துகொடுத்தது. இன்று வெளியிட்ட கழக வரலாற்று நூலில் நாற்பத்தொன்றாம் பக்கம் சொல்கிறது: "வேகமான ஆட்டமுறை, தலைவரின் தொலைநோக்கில் உருவானது." தொலைநோக்கு இல்லை தலைவரே, தாழ்ந்த கூரை.

சென்ற வாரம் தலைவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "ஃபெலிச்யா அம்மா, அரங்கத்துக்கு உங்க பேரை வைக்கிறோம். நேர்மையின் அரங்கம். பலகைகூட தயார்" என்றார். அதோ, வாசலுக்கு மேலே துணி போர்த்திய பலகை. அன்று பிற்பகலே ரயில் ஏறி வந்தேன். தெக்லா, இரண்டாம் அணியின் பேருந்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். பயிற்சியும் அவளே, ஓட்டுநரும் அவளே. இருபத்தோராண்டில் நாங்கள் பேசிக்கொண்டது வணக்கமும் வானிலையும் மட்டும்.

"தெக்லா, பலகை விஷயம் தெரியுமா?"

"தெரியும். வாளியை அந்தப் பக்கம் நகர்த்து."

நகர்த்தினேன். "நீ ஏன் இத்தனை வருஷமா யார்கிட்டயும் சொல்லலை?"

"என்னத்தை?"

"நான் அன்னிக்கு என்ன செஞ்சேன்னு."

குழாயை மூடினாள். "பந்து விரல்ல பட்டுச்சு. அது என் விஷயம், நான் சொல்லிட்டேன். நீ சட்டையைப் பிடிச்சது உன் விஷயம். அதை நான் எதுக்குச் சொல்லணும்?"

"என் மேல கோவமே இல்லையா?"

"இருந்துச்சு. ஒரு ஏழெட்டு வருஷம். அப்புறம் வேலை அதிகமாயிடுச்சு."

"அரங்கத்துக்கு உன் பேரைத்தான் வைக்கணும்."

"என் பேரை வெச்சே, நான் வேற ஊருக்குப் பஸ்ஸை ஓட்டிட்டுப் போயிடுவேன். மூணாவது வரிசைக்கு மேல கூரை ஒழுகுது. அதை அடைக்கச் சொல்லு."

ஆகவே அன்பர்களே, ஆன்றோர்களே, அந்தத் துணியை எவரும் இழுக்க வேண்டாம். அடியில் இருப்பது பொய். பொய்யை எழுதியவர்கள் நீங்கள் அல்ல, எழுதவிட்டவள் நான். நீங்கள் கொண்டாடிய துணிவு என்னுடையது அல்ல. நீங்கள் கேலி செய்தவளுடையது. வெற்றி கையில் இருந்தது, ஊர் முழுக்க ஆடிக்கொண்டிருந்தது, கேப்டன் முதுகுப்பக்கம் பிடித்து இழுத்தாள், அத்தனையையும் மீறி இருபது அடி நடந்தாள் ஒருத்தி. எண்பத்து ஒன்பதின் ஆறாம் இடத்தை மறந்துவிடலாம். கோப்பையைக்கூட மறந்துவிடலாம். யஸ்குல்காவின் அறுபது ஆண்டு வரலாறு என்று ஒன்று இருக்குமானால், அது அந்த இருபது அடிதான்.

விருதை இதோ, மேசைமேல் வைக்கிறேன். மைக்கைக் கேட்கிறீர்களா தலைவரே? தருகிறேன், ஒரு நொடி. தெக்லா எழுந்துவிட்டாள். கடைசி வரிசையில், கசகசா கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு. ஏதோ சொல்கிறாள். முரசைக் கொஞ்சம் நிறுத்துங்கள்.

"ஃபெலா, போதும், இறங்கு. பிள்ளைங்களுக்கு உடம்பு ஆறிப்போவுது."

கேட்டீர்களா? இருபத்தோராண்டுக்குப் பிறகு என் செட்டர் எனக்கு இட்ட கட்டளை. இந்த முறை கேட்டு நடக்கிறேன்.

பொறுத்துக் கேட்டவர்களுக்கு நன்றி. பொறுக்க முடியாமலும் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இரட்டை நன்றி. என்னைத் திட்ட விரும்புவோர் ஆட்டம் முடிந்ததும் கடுகுச் சாந்தும் சாசேஜும் விற்கும் மேசையருகே வரிசையில் வரலாம், ஓட மாட்டேன். ரொட்டிக் கடையில் கேலி பேசியவர்கள் முதலில் தெக்லாவிடம் போய்விட்டு என்னிடம் வரவும். வாழ்க ஓல்ஷினெக், பறக்கட்டும் யஸ்குல்கா. வணக்கம்.