மீன் மிதக்கத் தண்ணீர் வேண்டும்

சுவரில் படம் வரைந்தால் எங்கள் பக்கத்தில் மறுநாளே அதன் மேல் வரட்டி தட்டிவிடுவார்கள். குறையாகச் சொல்லவில்லை ஐயா. வெயில் படுகிற சுவரைப் பார்த்தால் யாருக்கும் தோன்றுவதுதான்.

குடவாசல் கடைத்தெருவில் எங்கள் சுற்றுச்சூழல் அமைப்பு வரைந்த மீன்கொத்தியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அலகில் மீனுக்குப் பதில் பிளாஸ்டிக் பை. வரைந்த வாரமே அதன் மேல் யாருக்கோ கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டினார்கள். கிழித்தேன். வேறொருவருக்கு ஒட்டினார்கள். வாய்க்காலைக் காப்பாற்றுங்கள் என்று கரையில் நின்று பேசுவேன். கேட்பவர் தண்ணீர்ப் பாக்கெட்டைக் குடித்து முடித்து, வாய்க்காலிலேயே வீசிவிட்டு, "நல்லா சொன்னீங்க சார்" என்பார். அமைப்பை வளர்த்த கதை இவ்வளவுதான்.

அதனால்தான் மீன் செய்தேன். வாய்க்கால்களில் பொறுக்கிய பாட்டில்களைப் பழைய மீன்வலையில் அடைத்து, லாரி நீளத்துக்கு ஒரு மீன். அதைப் பார்க்கச் சென்னையிலிருந்து ஓர் அறக்கட்டளையின் ஆட்கள் வருவதாக இருந்தது. அவர்களுக்குப் பிடித்தால் டெல்டா முழுக்க வேலை செய்யலாம். பிடிக்காவிட்டால் கடையைக் கட்ட வேண்டியதுதான்.

மீன் மிதக்கத் தண்ணீர் வேண்டும். வடிகால் வாய்க்காலின் மதகில் பலகை செருகித் தேக்கினேன். யாரிடமும் கேட்கவில்லை. தை மாதத்தில் அப்படி ஒரு மழை பெய்யும் என்று யார் கண்டது.

அவர்களுக்கு மீனைக் காட்டும் விழாவுக்கு முந்தின நாள் மருதையன் வந்தார். மதகுக்கு மேலே அவருடைய குத்தகை நிலம். அறுப்புக்கு நின்ற சம்பா சாய்ந்து கிடந்தது.

"பலகைய எடுங்க தம்பி. வயல் வடிய மாட்டேங்குது. கதிரு தண்ணியில கெடந்தா முளைச்சிரும்."

"நாளைக்கு விழா முடிஞ்சதும் நானே எடுத்துடுறேண்ணே."

"ஒங்க மீனுக்குத் தண்ணிதான வேணும்? என் வயல்ல கொண்டாந்து விடுங்க. முழங்காலுக்கு நிக்குது."

கரையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் போனதும் பலகைகளை ஆணி வைத்து அறைந்தேன். எங்கள் அமைப்பில் வேலை பார்க்கும் ஷோபனா, "பாவம் சார் அவரு" என்றாள். ஒரு நாளில் நெல் முளைத்துவிடாது என்று சொன்னேன். நியாயமான பேச்சுதானே.

காலையில், விருந்தினர் கார் கடைத்தெருவைத் தாண்டிவிட்டது என்று போன் வந்த நேரத்தில், மருதையன் கடப்பாரையோடு வாய்க்காலில் இறங்கினார். நான் மதகு மேல் நின்றிருந்தேன். "வேணாம்ணே" என்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பலகை பெயர்ந்ததும் தண்ணீர் இழுத்தது. மீன் அப்படியே திரும்பி மதகு வாயில் வந்து அடைத்துக்கொண்டது. அவர் அதற்கு அடியில் போய்விட்டார். வலை சுற்றிக்கொண்டது. ஒரு கை மட்டும் வெளியே வந்து பாட்டில்களைப் பிறாண்டியது.

ஷோபனா உங்களிடம் சொன்னது உண்மை. "கயித்த அறுங்க சார்" என்று கத்திவிட்டு ஆள் கூப்பிட ஓடினாள். ரிப்பன் கட்ட எடுத்த கத்தி என் கையில் இருந்தது. மீனின் முதுகோடு ஓடிய ஒரே கயிறுதான் வலையை இறுக்கிப் பிடித்திருந்தது. குனிந்தால் எட்டும். அறுத்தால் வலை விரியும், அவர் எழுந்துவிடுவார். மீன் இருக்காது.

பதறிப்போய் நின்றுவிட்டேன் என்று நேற்று ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தேன். அதை மாற்றிக்கொள்ளுங்கள். நான் பதறவில்லை. கத்தியை மடக்கிச் சட்டைப்பையில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் கை ஓய்ந்தது. ஊர் ஆட்கள் வருவதற்குள் கார் வந்துவிட்டது. இறங்கியவர்கள் மீனைப் படம் எடுத்தார்கள். படங்கள் நன்றாகவே வந்திருக்கின்றன.

இன்று காலை உங்கள் ஜீப்பில் வரும்போது பார்த்தேன். மருதையனுக்கு அடித்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரை எங்கள் மீன்கொத்தியின் மேல்தான் ஒட்டியிருக்கிறார்கள். பக்கத்திலேயே அவ்வளவு காலிச் சுவர் கிடக்கிறது. பிளாஸ்டிக்கில் சிக்கிச் செத்தவர் அவர். அவர் வீட்டு ஆட்களுக்கே இது உறைக்கவில்லை என்றால், சொல்லுங்கள் ஐயா, இந்த ஊரை எப்படித்தான் திருத்துவது?