நீலக் கொப்பி குப்பைக்குப் போயும் புலமைப்பரிசில் வென்ற நகுலேஸ்வரி அக்காவுக்கு

விடியலுக்கு முன் விழித்து, இருண்ட மாடிகளுக்கெல்லாம் முதல் விளக்கை ஏற்றி, இருபத்து மூன்று ஆண்டுகள் இந்த லண்டன் பல்கலைக்கழகத்தின் தூசியோடு தோற்காமல் போராடிய தூயவரே! வாளிக்கும் மொப்புக்கும் நடுவில் ஒரு பட்டத்தையே படித்து முடித்த வல்லவரே! பிந்தி வந்தவரை முதலில் முறைத்து, பிறகு அவருடைய மாடியையும் சேர்த்துத் துடைத்துக் கொடுத்த பெரிய மனசுக்காரியே! எங்கள் சூப்பர்வைசரே, எங்கள் நகுலேஸ்வரி அக்காவே! வேலை உடுப்பைக் கழற்றிவிட்டுப் பட்டுச் சேலையில் இன்று எங்கள் முன் அமர்ந்திருக்கும் உங்களுக்கு, துப்புரவுப் பணியாளர் அனைவரின் வணக்கம்!

இதை எழுதி வாசிப்பவன் யாக்கோப்பு. ஐம்பத்தேழு வயதில் பங்குக் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து எழுத்துப் பழகியவன். நன்றாகத் தமிழ் எழுதுபவர்கள் பலர் இருக்க இந்தப் பொறுப்பு ஏன் என் தலையில் விழுந்தது என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். மற்றவர்கள் கேட்பார்கள். எங்களோடு மொப் பிடிக்கும் றோஸ்மலர் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: "செய்த ஆள்தான் எழுதவேணும்!" செய்தது என்னவென்று இந்த மடலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

அம்மையே! நீங்கள் எங்களுக்குத் தந்த சட்டம் ஒன்றே ஒன்று. மேசையில் இருப்பதைத் தொடக்கூடாது. தரையில் கிடப்பதை விடக்கூடாது. பேராசிரியரின் மேசையில் மூன்று நாள் பழைய சான்ட்விச் இருந்தாலும் அது அவருடைய சொத்து. தரையில் தங்கமே கிடந்தாலும் அது எங்கள் வேலை. அந்தச் சட்டத்தால் இத்தனை வருடத்தில் எங்களில் ஒருவர் மீதும் ஒரு முறைப்பாடு வந்ததில்லை. புதிதாக வருபவருக்குத் தூசி உறிஞ்சும் ஹூவர் எங்கே இருக்கிறது என்று காட்டுவதற்கு முன்பே அதைத்தான் சொல்லிக் கொடுப்பீர்கள்.

போன வருடம் ஒக்டோபரில் மூன்றாம் மாடி அறிவித்தல் பலகையின் கண்ணாடியை நீங்கள் மூன்று காலை தொடர்ந்து துடைத்தீர்கள். ஒரே மூலையை! கண்ணாடி தேய்ந்துவிடுமோ என்று எங்கள் ஷிப்ட் தாரிணி பயந்தாள். உள்ளே ஒட்டியிருந்தது ஒரு கடதாசி: சமூக விஞ்ஞான ஆராய்ச்சி செய்ய விரும்பும் பெண்களுக்கு ஒரு புலமைப்பரிசில், வயது எல்லை கிடையாது. மூன்று வருடத்துக்கு ஒரு முறைதான் அது வரும்.

"ஆம்பிளையளுக்கு ஒண்டும் இல்லையோ அக்கா?" என்று பகிடியாகக் கேட்டேன்.

"உங்களுக்குக் காலை ஷிப்ட் முடிய நித்திரை கொள்ள வீடு இருக்கு, எழும்பினா சாப்பாடும் இருக்கு. அதுவே ஒரு புலமைப்பரிசில்தான், பேசாமப் போங்கோ," என்றீர்கள்.

அந்தப் பதிலுக்குள்ளேதான் உங்கள் ஆராய்ச்சி இருந்தது. காலை ஒன்பது மணிக்கு ஒரு ஷிப்ட் முடிந்து மாலை ஐந்துக்கு அடுத்தது தொடங்கும்வரை, வீட்டுக்குப் போய்வர ரயில் காசு கட்டுப்படியாகாத பெண்கள் அந்த எட்டு மணித்தியாலத்தை எங்கே கழிக்கிறார்கள்? உங்கள் எட்டு மணித்தியாலம் எங்களுக்குத் தெரியும். ஒன்பது வருடம் நூலகத்தின் கடைசி மேசையில் இருந்து அதைப் பட்டமாக்கினீர்கள். மற்றவர்களுடையதை அறிய எங்கள் பெண்கள் பதினொரு பேரிடம் கதை கேட்டு, ஒரு நீலக் கொப்பியில் எழுதினீர்கள். விண்ணப்பத்தையும் அதிலேயே கையால் எழுதி முடித்துவிட்டுத்தான் கொம்பியூட்டரில் ஏற்றுவேன் என்று பிடிவாதமாக நின்றீர்கள்.

இனி என் பங்கு. கடைசி நாளுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, எங்கள் ஓய்வறை மேசையை நீங்களே துடைத்துவிட்டு, ஈரம் காயட்டும் என்று அந்தக் கொப்பியை ஈஸ்ட் ஹாம் மரக்கறிக் கடைப் பைக்குள் போட்டு மேசைக்கு அடியில் வைத்துவிட்டுப் போனீர்கள். தரையில் கிடந்தது பை, எடுத்தேன். எட்டிப் பார்த்தேன், நீல அட்டையில் பெயர் எழுதியிருந்தது. எழுத்துப் பழகி நான்கு வருடம் ஆகியும் என் கை மட்டும் வாசிக்கப் பழகவில்லை. கறுப்புப் பைக்குள் போட்டேன்.

"யாக்கோப்பு, மேசைக்குக் கீழ ஒரு பை கண்டனீங்களோ?"

"ஓம் அக்கா. குப்பையோட போட்டிட்டன்."

"எங்க இப்ப?"

"லொறி போயிட்டுது அக்கா."

வாளியைக் கவிழ்த்து அதன்மேல் இருந்தீர்கள். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். நீங்களோ, "சட்டம் என்ர சட்டம். நீங்கள் பிழை விடேல்லை. இந்த முறை விடுவம்," என்றீர்கள். இந்த முறையை விட்டால் அடுத்தது உங்கள் அறுபத்தொன்பதாவது வயதில் என்று எனக்குக் கணக்குத் தெரியும். அன்று காலை எந்தத் தரையைத் துடைத்தேன், எதை விட்டேன் என்று இன்றுவரை தெரியாது.

தாரிணிதான் வாயைத் திறந்தாள். "அக்கா, கொப்பிதானே செத்தது? நாங்கள் உயிரோடதானே நிக்கிறம்! திரும்பக் கேளுங்கோ, சொல்லுறம்." விண்ணப்பத்தை நீங்கள் முதலிலிருந்து எழுத வேண்டியிருந்ததால், கதைகளைத் திரும்ப எழுதும் வேலை என்னிடம் வந்தது. படிக்கட்டில் இருந்து, ஒரு பக்கத்துக்கு ஏழு வரி பிடிக்கும் என் பெரிய எழுத்தில், நான்கு நாள் எழுதினேன்.

அக்கா! அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. அவர்கள் எனக்குச் சொன்ன கதைகள் உங்களுக்குச் சொன்ன கதைகள் அல்ல.

"அக்காவுக்கு லைப்ரரி எண்டு சொன்னனான்," என்றாள் தாரிணி. "உண்மையில பஸ்ஸில மேல் தட்டில ஏறி நித்திரை கொள்ளுவன். கடைசித் தரிப்பில டிரைவர் எழுப்புவார், இறங்கித் திரும்ப ஏறுவன். லூயிஷாமில இருந்து ஒரு நாளைக்கு மூண்டு தரம் லண்டனைச் சுத்துறன், ஒரு கட்டடம்கூட இன்னும் பாக்கேல்லை."

"ஏன் அதை அக்காவுக்குச் சொல்லேல்லை?"

"நித்திரை கொள்ளுறன் எண்டு ஆர் அண்ணை சூப்பர்வைசருக்குச் சொல்லுவினம்?"

நாள் முழுக்கக் கோயிலில் செபமாலை சொல்வதாக உங்களிடம் சொன்ன றோஸ்மலர், என்னிடம் குரலைத் தாழ்த்தினாள். "பாதி நேரம் கோயில்தான். மிச்சம் ஈஸ்ட் ஹாம் சாறிக் கடை. உடுத்திப் பாப்பன், வாங்கமாட்டன். கடைக்காரனுக்கு என்னைக் கண்டாலே காய்ச்சல் வரும். ஆனா ஒரு மணித்தியாலம் மொப் மணக்காம நிக்கலாம் அண்ணை."

பதினொரு பேரும் இப்படித்தான். அந்த எழுத்தை உங்கள் கையில் தந்தபோது, முதலில் இருமல் வரும்வரை சிரித்தீர்கள். பிறகு முதல் பக்கத்திலிருந்து திரும்ப வாசித்தீர்கள். "இருபத்து மூண்டு வருசம் பக்கத்தில நிண்டும் எனக்குத் தெரியாமப் போச்சே," என்றீர்கள். தங்கள் களைப்பைச் சொல்வதற்குக்கூட மரியாதை பார்க்கும் பெண்கள் என்று அன்று எழுதிய ஒரு வரியிலிருந்து, விண்ணப்பம் முழுவதையும் புதிதாகக் கட்டினீர்கள். நீலக் கொப்பியில் இருந்தது நல்ல பெண்களின் நல்ல பதில்கள். அதை அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்லத் துணியமாட்டேன்.

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணி கடைசி நேரம். பதினொன்று நாற்பதுக்கு நூலகக் கொம்பியூட்டரின் முன் எங்களில் பாதிப்பேர் வேலை உடுப்போடு நின்றோம். அனுப்பும் பட்டனுக்கு மேலே நின்ற உங்கள் விரல் திரும்பி வந்தது. "யாக்கோப்பு, நீங்கள் அமத்துங்கோ. போட்ட ஆளே எடுத்துத் தரவேணும்," என்றீர்கள். அமத்தினேன். ஐயாமாரே, அம்மாமாரே, இந்தக் கை லண்டனில் செய்த வேலைகளில் எனக்குக் கூச்சமில்லாமல் சொல்லக்கூடியது அது ஒன்றுதான்.

நேர்முகத் தேர்வில், இவ்வளவு உண்மையை இந்தப் பெண்கள் எப்படிச் சொன்னார்கள் என்று மூன்று பேராசிரியர்களும் கேட்டார்களாம். "என்ர கொப்பி குப்பைக்குப் போனபடியால்," என்று நீங்கள் சொல்ல, அவர்கள் அதை ஏதோ ஆராய்ச்சி முறை என்று நினைத்துக் குறிப்பெடுத்தார்களாம். மார்ச் மாதம் கடிதம் வந்தது. அதைத் துப்புரவு ட்ரொலிக்குப் பக்கத்தில் நின்றபடியே வாசித்தீர்கள். முறைத்துப் பழகிய முகம் அழுததை மூன்றாம் மாடி முழுவதும் பார்த்தது.

ஓய்வு பெறுபவரே, ஓயத் தெரியாதவரே! வெள்ளிக்கிழமை இந்தக் கட்டடத்தின் பின்கதவால் வெளியே போய், திங்கட்கிழமை அதே கட்டடத்தின் முன்கதவால் ஆராய்ச்சி மாணவியாக உள்ளே வரப்போகிற முதல் ஆள் நீங்கள். உங்கள் முழங்கால் நோவு உங்களோடு சேர்ந்து ஓய்வு பெறட்டும்! உங்கள் மூக்குக் கண்ணாடியின் இலக்கம் கூடாமல் இருக்கட்டும்! நூறு வயதிலும் எங்களை முறைக்கும் அந்தப் பார்வை மங்காமல், நோயின்றிக் குறையின்றி நீங்கள் வாழ, கோயிலுக்குப் போகிறவர்கள் கோயிலிலும், பஸ்ஸில் போகிறவர்கள் பஸ்ஸிலும் வேண்டிக்கொள்கிறோம்.

இத்துடன் எங்கள் எல்லோருடைய அன்பளிப்பாக ஒரு புதிய நீலக் கொப்பி இருக்கிறது. அட்டையில் உங்கள் பெயரை நான்தான் எழுதினேன். தூரத்திலிருந்தும் வாசிக்கக்கூடிய அளவில். இந்த மடலையும் கண்ணாடிச் சட்டகத்தில் போட்டுத் தந்திருக்கிறோம். மூன்றாம் மாடியில் உங்களுக்குக் கிடைத்திருக்கும் புதிய அறையில் சுவரிலே மாட்டுங்கள், மேசையிலே வையுங்கள், எங்கு வேண்டுமானாலும் வையுங்கள். தரையில் மட்டும் வைத்துவிடாதீர்கள், அக்கா. திங்கட்கிழமை மூன்றாம் மாடி என்னுடையது.

உங்கள் சட்டத்துக்கு இன்றும் கட்டுப்பட்ட,
காலை, மாலை ஷிப்ட் துப்புரவுப் பணியாளர்கள்,
அவர்களுக்காக, யாக்கோப்பு
லண்டன்