வென்றவனை நிற்க வைக்காதீர்கள்

தலைமை ஏற்று வீற்றிருக்கும் ஐயா சபாபதி அவர்களே! நம் பெக்கான் நானாஸ் ஊரின் வெயிலைப் பொருட்படுத்தாது வந்திருக்கும் பெரியோர்களே! பிள்ளைகளுக்குச் சப்பாத்துக் கயிறு கட்டிவிட்டு வந்தமர்ந்த தாய்மார்களே! மன்றச் செயலாளன் கமலநாதனின் கைகூப்பிய வணக்கம்.

நான் சந்தேகப் பிராணி. கைதட்டாதீர்கள், முதலில் தட்டியவர் யாரென்று பார்த்துவிட்டேன்.

சென்ற ஆண்டு நம் ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்தில் வசந்தன் முதலாவதாக வந்தான். நம் வழக்கம் என்ன? எல்லைக்கோட்டைத் தொட்டவுடன் மேடையில் நிறுத்துவது! மாலை ஒன்று, பொன்னாடை மூன்று, படம் எடுக்க "அசையாதே தம்பி" என்ற அதட்டல் ஆயிரம்! மூன்றாவது பொன்னாடை போர்த்துவதற்குள் வசந்தன் மயங்கிச் சரிந்தான்.

வழியில் அவன் குடித்தது எது? நம் மன்றத்துத் தேநீர்க்கடைத் தயானந்தன் கலக்கிக் கொடுத்த இனிப்பான சிராப் தண்ணீர். இரண்டாவதாக வந்தவன் யார்? தயானந்தனின் மகன்! எனக்கு இது போதாதா? கொடுத்த கை எது, கலந்த கை எது என்று இதே ஒலிவாங்கியில் முழங்கினேன். அன்றே அவர் மன்றத்தை விட்டு விலகினார். அவர் கடையில் தேநீர் குடிக்கவும் ஆட்கள் தயங்கினார்கள்.

டாக்டர் தர்மினி என் வீட்டுக்கே வந்தார். "அங்கிள், தண்ணில ஒண்ணுமில்ல. ஓடுறப்ப உடம்பு வயித்துக்குப் போற ரத்தத்தக் குறைச்சு காலுக்கு அனுப்பும். கால் அசையுற வரைக்கும் தசை அத மேல தள்ளும். சட்டுனு நிக்க வச்சா ரத்தம் கால்லயே தங்கிடும், மூளைக்குப் பத்தாது" என்றார். நம்பினேனா? தர்மினி யார்? தயானந்தனின் அண்ணன் மகள்!

போன வாரம் விடிந்ததும் இதே திடலுக்கு வந்தேன். நானே கொதிக்கவைத்த தண்ணீர். மூடியைத் தொட மனைவியைக்கூட விடவில்லை. எட்டுச் சுற்று ஓடினேன். சிரிக்காதீர்கள் அம்மா, ஓடினேன்! ஓடி முடித்து, படத்துக்கு நிற்பவனைப் போல் விறைப்பாக நின்றேன். கண் இருட்டியது. கண் விழித்தபோது புல்லில் கிடந்தேன்.

அந்தத் தண்ணீரில் கலந்தது யார்? சொல்லுங்கள், யாரைச் சந்தேகிப்பேன்? வசந்தனை வீழ்த்தியது தண்ணீரா? இல்லை. அவனை நிறுத்தியவர்கள் நாம். நிறுத்தச் சொன்னவன் நான்!

வாசலோரம் நிற்கும் தயானந்தன் ஐயா, உங்கள் பெயரைக் கெடுத்தவன் நான். வெட்கப்படுகிறேன். ஊரறியக் கேட்கிறேன், மன்னியுங்கள்.

இன்றைய ஓட்டத்தில் வெல்பவன் நிற்காமல் நடக்கட்டும். பொன்னாடைக்காரர் அவன் பின்னால் நடக்கட்டும்! தண்ணீர்ப் பந்தல் தயானந்தன் ஐயாவின் பொறுப்பு. அவர் ஊற்றும் முதல் குவளையை, உங்கள் கண்முன்னே, நான் குடிக்கிறேன். பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு நன்றி கூறி, பந்தலுக்கு நடக்கிறேன். வணக்கம்.