செந்நிலாக் கப்பல், மேட்னி ஷோ

விண்ணரசி: எந்திரிக்கலையாண்ணே? லைட்டே போட்டுட்டாங்க.

மிக்கேல்ராஜ்: இரு, பேரெல்லாம் ஓடி முடியட்டும். கடைசில துண்டா ஒரு சீன் இருக்காம்.

விண்ணரசி: யாரு சொன்னா?

மிக்கேல்ராஜ்: கடைக்கு வர்ற பசங்க பேசிக்கிட்டாங்க... ஏன், பஸ்ஸுக்கு நேரமாச்சா?

விண்ணரசி: இல்லை, நாகப்பட்டினத்துக்கு ஆறரைக்கு ஒண்ணு இருக்கு. உக்காருங்க.

மிக்கேல்ராஜ்: "உக்காருங்க"வா? கூடப் பொறந்தவனுக்கு "ங்க" போடுறே?

விண்ணரசி: எட்டு வருஷமாப் பேச்சே இல்லை. திடீர்னு இன்டர்வெல்ல பாப்கார்னும் கையுமா வந்து பக்கத்து சீட்ல உக்காந்தா... வாய் தானா மரியாதை குடுக்குது.

மிக்கேல்ராஜ்: மரியாதை குடுத்துட்டு பாப்கார்ன் மொத்தத்தையும் நீயே தின்னுட்டே.

விண்ணரசி: நீங்கதானே நீட்டினீங்க!

மிக்கேல்ராஜ்: சரி, விடு... படம் எப்படி?

விண்ணரசி: நல்லாருந்துச்சு.

மிக்கேல்ராஜ்: நல்லாருந்துச்சா! நெஞ்சைத் தொட்டுச் சொல்லு விண்ணரசி. இது சின்னதுல டிவில பாத்த நம்ம செந்நிலாக் கப்பலா?

விண்ணரசி: நம்ம கப்பல் அட்டைல பண்ணது. கட்டித் தொங்கவிட்ட நூலு டிவில தெரியும்.

மிக்கேல்ராஜ்: தெரியட்டுமே! அந்த நூலு மேல எனக்கு நம்பிக்கை இருந்துச்சு. இது என்னடான்னா, புதுசாக் கட்டின கல்யாண மண்டபம் மாதிரி பளபளன்னு...

விண்ணரசி: சர்ச்சுல ரெண்டாம் பூசைக்குப் போறோம்னு அப்பாகிட்ட சொல்லிட்டு, நம்ம வாத்தியார் கல்யாணம் சார் வீட்டு டிவி முன்னாடி போயி உக்காந்தோமே...

மிக்கேல்ராஜ்: ஒரு ஞாயிறு தவறினதில்லை. நம்ம ஊரு குத்தாலத்துல நாம சேத்த பாவமெல்லாம் அந்த ஒரு சீரியலால வந்ததுதான்.

விண்ணரசி: அந்த டுண்டு ரோபோ தமிழ் பேசுறதைக் கேக்கவே போவேன் நான். "ஆணை, தலைவா!"

மிக்கேல்ராஜ்: இப்ப அது "ஓகே பாஸ்"ங்குது. தலையில அடிச்சுக்கலாம் போல இருந்துச்சு.

விண்ணரசி: ஆனா கப்பல் ஓட்டுற பொண்ணு நல்லாருந்தா. பழசுல பொம்பளைன்னா காப்பி கொண்டாந்து வைக்கணும், இல்லைன்னா கத்தணும். சின்னதுலேயே எனக்கு அது கோவம்.

மிக்கேல்ராஜ்: அப்பவே சொல்லியிருக்கலாமே?

விண்ணரசி: யாருகிட்ட? விளையாட்டுல எப்பவும் நீங்க கேப்டன், நான் டுண்டு.

மிக்கேல்ராஜ்: ...சரி, அந்தப் பொண்ணை ஒத்துக்கிறேன். நல்லாத்தான் ஓட்டினா. ஆனா கேப்டன் வெர்கோவை இப்படிப் பண்ணியிருக்க வேணாம்.

விண்ணரசி: அதே நடிகரைத்தானே கூட்டியாந்திருக்காங்க. அவருக்கும் வயசாவும்ல?

மிக்கேல்ராஜ்: வயசாவட்டும், தொப்பை விழட்டும், அதை யாரு கேட்டா! கூட இருந்த ஆளை ஏதோ ஒரு நிலாவுல விட்டுட்டு வந்து, வருஷக்கணக்கா ஒரு சேதிகூட அனுப்பாம கெடப்பானா? பழசுல ஒத்த ஆளுக்காகக் கப்பலைத் திருப்பினவன் அவன். வெர்கோ அப்படிச் செய்யமாட்டான்.

விண்ணரசி: ஏன் செய்யமாட்டான்?

மிக்கேல்ராஜ்: அவன் வெர்கோ!

விண்ணரசி: மேலேருந்து உத்தரவு வந்திருக்கும். மீற மனசு வந்திருக்காது. அப்பறம் நாள் போகப் போக வெக்கமாப் போயிருக்கும்... நல்லவங்களும் அப்படிச் செய்றாங்கண்ணே.

மிக்கேல்ராஜ்: நல்லவங்கன்னா... யாரைச் சொல்றே?

விண்ணரசி: படத்தைத்தான் சொல்றேன்.

மிக்கேல்ராஜ்: புரியுது.

விண்ணரசி: மத்தது எப்படியோ, அந்த ஒரு இடம் எனக்கு நெசமாத் தெரிஞ்சுச்சு.

மிக்கேல்ராஜ்: ...சாய்ராம் எப்படி இருக்காரு?

விண்ணரசி: நல்லாருக்காரு... உன் வாயால அவர் பேரை இப்பத்தான் கேக்குறேன். "அவனைக் கட்டினா இந்த வீட்டுப் படி ஏறக் கூடாது"ன்னு அப்பா சொன்னப்ப, பக்கத்துலதான் நின்னே. ஒரு வார்த்தை பேசலை நீ.

மிக்கேல்ராஜ்: அப்பா இப்பல்லாம் கேக்குறாரு. "அவ நாகப்பட்டினத்துலதானே இருக்கா?"ன்னு.

விண்ணரசி: நீ என்ன சொன்னே?

மிக்கேல்ராஜ்: ஆமான்னேன்.

விண்ணரசி: அவ்வளவுதானா?

மிக்கேல்ராஜ்: அதுக்கு மேல எனக்கே தெரியாதே, என்னத்தைச் சொல்ல... ஏய், பாரு பாரு, சீன் வருது!

விண்ணரசி: வெறும் இருட்டால்ல இருக்கு.

மிக்கேல்ராஜ்: ஷ்... கேளு.

விண்ணரசி: ஐயோ! பழைய கப்பல் கதவுச் சத்தம்... அதே "வ்விஷ்ஷ்..."

மிக்கேல்ராஜ்: அதேதான். இந்த ஒண்ணை மட்டும் மாத்தாம விட்டானுங்க, புண்ணியவானுங்க... ஏய், அழறியா?

விண்ணரசி: ஏசி காத்து. கண்ணு கரிக்குது.

மிக்கேல்ராஜ்: இங்க ஏசி ரிப்பேராகி மாசக் கணக்காச்சு. வா, வெளிய போவோம். பஸ் ஸ்டாண்டுல கொண்டுபோய் விடுறேன்... அது சரி, கும்பகோணத்துக்கு என்ன வேலையா வந்தே?

விண்ணரசி: நாத்தனாருக்குக் கல்யாணம். குத்துவிளக்கு வாங்கலாம்னு.

மிக்கேல்ராஜ்: விளக்கு எங்கே?

விண்ணரசி: ...பிடிக்கலை. வாங்கலை.

மிக்கேல்ராஜ்: இந்த ஊர்ல குத்துவிளக்கு பிடிக்கலையா!

விண்ணரசி: நீ மட்டும்? சம்பா அறுப்பு நடக்குது. அறுப்பு மெஷினுக்கு பெல்ட்டு போச்சு, பேரிங் போச்சுன்னு இங்க உன் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வாசல்ல ஆளு நிக்குமே. சாத்திட்டா வந்தே?

மிக்கேல்ராஜ்: ஒரு நாள்தானே. பாத்துக்கலாம்... தங்கையன்! வண்டியை எடுக்கணும். இந்தா டோக்கன்.

தங்கையன்: உங்களுக்கு எதுக்கு சார் டோக்கன்? ஸ்டாண்டுல வழக்கமான எடத்துலதான் நிக்குது. நாளைக்கும் மேட்னிதானே?

விண்ணரசி: நாளைக்குமா?

மிக்கேல்ராஜ்: யோவ், நீ வண்டியை எடுய்யா.

தங்கையன்: படம் போட்ட நாள்லேருந்து சார் ஒரு மேட்னி விட்டதில்லம்மா. ஷோ விட்டா நேரா வண்டிக்கு வரமாட்டாரு. வாசல்லயே நின்னு போறவங்க வர்றவங்க மொகத்தையெல்லாம் பாத்துக்கிட்டிருப்பாரு. இன்னைக்குத்தான் பேசிக்கிட்டே வர்றாரு.

விண்ணரசி: அண்ணே... படம் பிடிக்கலைன்னு சொன்னே?

மிக்கேல்ராஜ்: பிடிக்கலைதான். பாக்கப் பாக்க இன்னும் பிடிக்கலை.

விண்ணரசி: அப்பறம் எதுக்குக் கடையைச் சாத்திட்டு...

மிக்கேல்ராஜ்: உன் நம்பர் எங்கிட்ட இல்லை. உன் வீட்டுக்கு வந்து நிக்க மொகம் இல்லை. செந்நிலாக் கப்பல் வந்தா நீ பாக்காம இருக்கமாட்டேன்னு மட்டும் தெரியும். உங்க ஊர்ல படம் போடலை, வந்தா இங்கதான் வரணும்னு...

விண்ணரசி: எங்க ஊர்லயும் ஓடுதுண்ணே. முதல் நாளே பாத்துட்டேன். எனக்கும் பிடிக்கலை... கூட உக்காந்து திட்டுறதுக்குத்தான் நீ இல்லை. அதான் பஸ் ஏறினேன்.