தன் பிழைக்குத் தானே சீட்டு ஒட்டியவருக்கு

பூக்காட்டின் புலவரே! பொறுமையின் புகலிடமே! முப்பத்தொரு ஆண்டுகள் எங்கள் உலர்தாவரக் காப்பகத்தின் ஒளியாய் விளங்கி, இன்று ஓய்வு பெறும் அம்மையீர்! அன்பும் வணக்கமும்.

உலர்ந்த இலையிலும் உயிரைக் கண்டவர் நீங்கள். அந்துருண்டை நெடி அடிக்கும் அலமாரிகளில் எந்தச் செடி எந்த அடுக்கில் என்று பட்டியல் பாராமலே சொன்னவர். தும்மலோடு வந்தவருக்குத் தைலமும், தவறான பெயரோடு வந்தவருக்குத் திட்டும் தவறாமல் தந்தவர்!

ஆயினும் எங்கள் நெஞ்சில் ஆணி அடித்தாற்போல் நிற்பது ஒரு புதரின் கதையே. மழைக்காட்டின் ஓடைச் சரிவில் அடர்ந்திருந்த அதன் பூவில்லாக் கிளையைப் பார்த்து, அயல்நாட்டுக் களை என்று எழுதிக் கொடுத்தீர்கள். வனத்துறையினர் அதை வேரோடு பிடுங்கத் தொடங்கினர். மூன்றாம் நாள் நம் ஜீப் ஓட்டுநர், அந்தச் சரிவிலிருந்து பூத்த கிளை ஒன்றைக் கொண்டுவந்து உங்கள் மேசையில் வைத்தார்.

"மேடம், களைக்கு அஞ்சு இதழ்னு நீங்கதானே சொன்னீங்க? இதுல நாலுதான் இருக்கு."

மொட்டு ஒன்றை ஊசியால் பிரித்து லென்ஸில் பார்த்தீர்கள். பத்துப் பூக்களை எண்ணினீர்கள், பத்திலும் நான்கே. அது களையன்று, இந்த மண்ணிலேயே பிறந்த அரிய பூம்புதர். உங்கள் முகம் வெளிறியதை உடனிருந்தோர் கண்டோம்.

பதவி உயர்வுப் பட்டியலில் உங்கள் பெயர் இருந்த வாரம் அது. "யாருக்கும் தெரியாது. அடுத்த மாசம் மெதுவா திருத்திக்கலாம்" என்றார் அன்றைய இயக்குநர்.

"செடி பிடுங்கறவங்களுக்கு இன்னைக்கே தெரியணும் சார். தப்பு என்னோடது" என்றீர்கள்.

தொலைபேசி எட்டாத இடம். கொட்டும் மழையில் சரிவேறி வேலையை நிறுத்தினீர்கள். பிடுங்கிப் போட்டிருந்தவற்றில் உயிரிருந்தவற்றை எல்லாம், தொழிலாளர்களோடு சேற்றில் அமர்ந்து திரும்ப நட்டீர்கள். காப்பகத்தில் அந்தக் கிளையை ஒட்டி வைத்த தாளில் புதிய பெயர்ச்சீட்டு ஒட்டி, "முன்பு தவறாக எழுதியவள் நானே" என்று கையொப்பமிட்டீர்கள்!

பதவி உயர்வு நான்கு ஆண்டு தள்ளிப் போயிற்று. அதைப் பற்றி நீங்கள் ஒரு நாளும் வாய் திறக்கவில்லை. உங்களுக்காகப் பேசியிருக்க வேண்டிய நாங்களும் அன்று வாய் திறக்கவில்லை. அம்மையீர், அதற்காக இந்த மேடையில் மன்னிப்புக் கேட்கிறோம்.

அந்தச் சரிவு இவ்வாண்டு வெள்ளை வெளேரென்று பூத்திருக்கிறது. முழங்கால் வலி தீர்ந்து, கண்ணொளி குன்றாது, நூறாண்டு நலமாய் வாழ்க! ஏறிச் சென்று அதைப் பார்க்க என்று விரும்பினாலும் சொல்லுங்கள். கைபிடித்து அழைத்துச் செல்ல நாங்கள் இருக்கிறோம்.

நீங்கள் திட்டித் திருத்திய,
காப்பகப் பணியாளர்கள் அனைவரும்